எத்தனை லட்சம் டால்டன்? ஹைலூரோனிக் அமிலத்தோடு வேலை பார்த்த அனுபவம்

ஹைலூரோனிக் அமிலம் என்றதும் இன்று பலருக்கும் முகத்துக்குப் போடும் சீரம்தான் நினைவுக்கு வருகிறது. நான் அதே பொருளை வைத்துக் குருத்தெலும்புக்கும் ஆறாத புண்ணுக்கும் ஜெல் செய்யும் ஆய்வகம் ஒன்றில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். சென்னையில்தான். புதிதாக ஆய்வுக்கு வரும் மாணவர்களும் சரி, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி விசாரிக்கும் சொந்தக்காரர்களும் சரி, என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இது நல்லதா?" பதிலுக்கு நான் மூன்று கேள்வி கேட்பேன். எத்தனை லட்சம் டால்டன்? (டால்டன் என்பது மூலக்கூறின் எடையைச் சொல்லும் அளவு; சங்கிலி நீண்டால் எண் கூடும்.) குறுக்கே பிணைத்ததா, பிணைக்காததா? உடம்பில் எந்த இடத்துக்குப் போகிறது? இந்த மூன்றுக்கும் விடை தெரியாவிட்டால் பாட்டில் மேல் எழுதியிருக்கும் பெயரால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

1934இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கூழ்மத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அமைப்பு ரொம்ப எளிது. இரண்டு சர்க்கரை சேர்ந்த ஓர் அலகு, அதுவே மறுபடி மறுபடி நீளும் சங்கிலி. ஓர் அலகு ஏறத்தாழ 400 டால்டன். பத்து லட்சம் டால்டன் என்றால் கிட்டத்தட்ட 2,500 அலகுகள் கோத்த சங்கிலி என்று கணக்கு. 70 கிலோ எடையுள்ள மனிதரின் உடம்பில் சுமார் 15 கிராம் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு தினமும் உடைந்து, புதிதாக உண்டாகிறது. மாணவர்களுக்கு முதலில் நான் சொல்வது இந்தக் கணக்கைத்தான். உடம்பு இதை உடைத்துத் தள்ளுவதில் அவ்வளவு கெட்டி. நாம் செய்யும் எந்த ஜெல்லும் அந்த வேகத்துக்குத் தாக்குப் பிடித்தாக வேண்டும்.

சரி, ஆய்வக வேலைக்கு வருகிறேன்.

எங்களுக்கு வருவது சோடியம் உப்பு வடிவத்தில், வெள்ளையாக, நார்நாராக, காற்றில் எழும்பும் அளவுக்கு லேசாக இருக்கும் பொடி. சென்னை ஈரக்காற்றில் பாட்டிலைத் திறந்து வைத்தால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே அதன் எடையில் பத்து சதவீதம் வரை ஈரமாக இருக்கக்கூடும். ஆகவே எடை போட்ட 100 மில்லிகிராம் உண்மையில் 100 இல்லை. ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே வைத்திருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டிலைத் திறந்து மூடுவதற்குப் பதில், வந்த அன்றே சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து வைப்பது நல்லது.

கரைப்பது தனிக் கலை. கொதிக்கிற தண்ணீரில் ரவையை ஒரே மூச்சில் கொட்டினால் உப்புமா கட்டி தட்டுமே, அதே கதைதான் இங்கேயும். பொடியின் வெளிப்புறம் உடனே உப்பி வழவழவென்று மூடிக்கொள்ளும், உள்ளே காய்ந்த பொடி அப்படியே நிற்கும். வேகமாகச் சுழலும் நீரின் சுழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். 15 லட்சம் டால்டன் பொடியில் ஒரு சதவீதக் கரைசல் தயாரிக்கும்போது, முதல் சில நிமிடம் மேக்னட்டிக் ஸ்டிர்ரரின் காந்தத்துண்டு துள்ளிச் சுழலும். அப்புறம் அதன் வேகம் குறையும். கடைசியில் ஓரிடத்தில் நடுங்கிக்கொண்டு நின்றுவிடும். இந்தக் கட்டத்தில் பலருக்கும் சூடு வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். சூடு பட்டால் சங்கிலி அறுபடும். கரைசல் இளகி வேலை சுலபமாகும், ஆனால் வாங்கியது 15 லட்சம், கையில் இருப்பது அதைவிடக் குறைவு என்றாகிவிடும். மூடி, குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க விட்டால் காலையில் தெளிவாகக் கரைந்திருக்கும், காற்றுக் குமிழிகளும் பெரும்பாலும் போயிருக்கும்.

கிருமி நீக்கும்போதும் இதே கவலைதான். ஆட்டோகிளேவில் வைத்தால் சூடு சங்கிலியை உடைக்கும். காமா கதிரும் உடைக்கும். 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தலாமே என்றால், சிறிய சங்கிலிக் கரைசல் போகும், பெரியது வடிகட்டியை அடைத்துவிடும். அதனால் பல ஆய்வகங்கள் முதலில் மெல்லிய கரைசலாக வடிகட்டி, கிருமியில்லாமல் உறைய வைத்து உலர்த்தி, அப்புறம் தேவையான அடர்த்திக்குத் திரும்பக் கரைக்கின்றன. எந்த வழியில் போனாலும், கிருமி நீக்கிய பிறகு மூலக்கூறு எடையை மறுபடி அளந்து பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. அளக்கும் கருவி இல்லையென்றால் பாகுநிலையையாவது முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தச் சங்கிலி நீளத்தைப் பற்றி நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், செல் அதைப் படிக்கிறது. செல்லின் மேற்புறத்தில் சிடி44 என்ற ஏற்பி இருக்கிறது. ஹைலூரோனிக் அமிலம் அதில்தான் முக்கியமாகப் பற்றுகிறது. முழு நீளச் சங்கிலி பொதுவாக அழற்சியை அடக்கும் பக்கம் நிற்கும். அடிபட்ட இடத்தில் உடைந்து சிதறும் துண்டுகளோ எதிர்ப் பக்கம்: "இங்கே சேதம்" என்று நோயெதிர்ப்பு செல்களை எழுப்பிவிடும். 1985இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள், 4 முதல் 25 அலகு வரை உள்ள துண்டுகள் கோழிக் கருவின் சவ்வில் புதிய இரத்தக் குழாய்களை வளரச் செய்வதைக் காட்டினார்கள். பெரிய சங்கிலிக்கு அந்தக் குணம் இல்லை. ஆறாத புண்ணுக்கு இரத்தக் குழாய் வளர வேண்டும், குருத்தெலும்பிலோ இரத்தக் குழாயே கூடாது. ஒரே வேதிப்பொருளை இரண்டுக்கும் ஒரே அளவில் எடுத்துப் போக முடியாது என்பது எனக்கு இந்தப் புள்ளியில்தான் முழுசாக உறைத்தது.

ஒருமுறை வழக்கமான விற்பனையாளரிடம் சரக்கு இல்லாததால் வேறு ஒருவரிடமிருந்து பொடி வந்தது. லேபிளில் அதே பெயர், அதே மூலக்கூறு எடை. அதில் செய்த ஜெல்லின் மேல் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்களை வைத்தபோது அழற்சிப் புரதங்கள் எகிறின. சங்கிலி துண்டாகிவிட்டதோ என்று அளந்தோம், நீளம் சரியாகவே இருந்தது. எண்டோடாக்சின் என்ற நச்சைக் கண்டுபிடிக்கும் எல்ஏஎல் சோதனை செய்த பிறகுதான் புரிந்தது. சில வகை பாக்டீரியாக்களின் வெளிச்சவ்விலிருந்து வரும் அந்த நச்சு அந்தப் பொடியில் நிறைய இருந்தது. அது அழகுசாதனத் தரப் பொடி.

ஹைலூரோனிக் அமிலம் எங்கிருந்து வருகிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இன்னமும் சில மூட்டு ஊசிகள் அப்படித்தான் வருகின்றன. அதனால்தான் கோழி, முட்டை ஒவ்வாமை உண்டா என்று கேட்கிறார்கள். இப்போது பெரும்பகுதி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஜூஎபிடெமிகஸ் என்ற பாக்டீரியாவை வளர்த்து எடுப்பது. நம் உடம்பில் இருக்கும் அதே சங்கிலியை அந்தக் கிருமி தன்மேல் உறையாகப் போர்த்திக்கொள்கிறது. நம் நோயெதிர்ப்பின் கண்ணுக்குத் தப்பிப்பதற்காக அது கண்ட வழி, நமக்கு மருந்துத் தொழிற்சாலையாகக் கிடைத்திருக்கிறது. எனக்கு இதில் இன்றுவரை வியப்பு தீரவில்லை. ஆனால் எந்த மூலத்திலிருந்து வந்தாலும் சுத்திகரிப்பு எவ்வளவு என்பது விற்பவரைப் பொறுத்தது. செல் சோதனைக்கு வாங்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் எண்டோடாக்சின் அளவைக் கேட்டு வாங்குங்கள். சான்றிதழில் அது இல்லையென்றால் நீங்களே அளந்துவிடுங்கள். மாதக்கணக்கில் செய்த ஆய்வு, பொருளின் குணத்தைச் சொல்கிறதா அழுக்கின் குணத்தைச் சொல்கிறதா என்று தெரியாமல் போவது பெரிய வேதனை.

அடுத்தது பிணைப்பு. வெறும் ஹைலூரோனிக் அமிலம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அது கரைசல்தான், உருவம் நிற்காது. சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்தால்தான் ஜெல். முகச் சுருக்கத்தை நிரப்ப ஊசியாகப் போடும் ஃபில்லர்களில் பெரும்பாலும் பிடிடிஇ என்ற வேதிப்பொருளால் பிணைக்கிறார்கள். நாங்கள் அதிகம் செய்வது மெத்தாக்ரிலேட் சேர்த்து, ஒளியால் பிணைக்கும் முறை. பனிக்கட்டித் தொட்டியில் கரைசலை வைத்து, மூக்கைத் துளைக்கும் மெத்தாக்ரிலிக் அன்ஹைட்ரைடைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வினையில் அமிலம் உருவாகும். பி.எச். 8ஐ ஒட்டி இருக்குமாறு சோடியம் ஹைட்ராக்சைடை விட்டுக்கொண்டே, மணிக்கணக்கில் மீட்டரைவிட்டு நகராமல் உட்கார வேண்டும். டயாலிசிஸ் பையில் போட்டுப் பல நாள் தண்ணீர் மாற்றியாக வேண்டும். இங்கே அவசரப்பட்டால் மிச்சமிருக்கும் வேதிப்பொருள் செல்லைக் கொன்றுவிடும், பழி ஜெல் மேல் விழும். உலர்த்தியபின், மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவியில் எத்தனை சதவீதம் மெத்தாக்ரிலேட் ஏறியிருக்கிறது என்று பார்ப்போம். கையில் கிடைக்கும் ஜெல் இறுகுமா தளருமா என்பதைப் பெருமளவு அந்த எண்தான் தீர்மானிக்கிறது.

புதியவர்களைக் குழப்பும் இன்னொரு விஷயம்: உடம்பில் இயல்பாக உள்ள பொருளாயிற்றே, செல் ஆசையாக ஒட்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஒட்டாது. சங்கிலி முழுக்க எதிர்மின்சுமை, போதாததற்குத் தண்ணீரை நிறைய இழுத்து வைத்திருக்கும். செல்கள் கால் ஊன்றத் தேடும் புரத அடையாளமும் அதில் இல்லை. தட்டில் பார்த்தால் செல்கள் உருண்டையாகவே மிதக்கும். ஆகவே ஆர்ஜிடி என்ற சிறு புரதத்துண்டைக் கோக்க வேண்டும், அல்லது ஜெலட்டின், கொலாஜன் கலக்க வேண்டும். இதே ஒட்டாத குணத்தை மருத்துவம் வேறு இடத்தில் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. வயிற்று அறுவைக்குப் பின் குடலும் வயிற்றுச் சுவரும் ஒட்டிப்போவதைக் குறைக்க, ஹைலூரோனிக் அமிலமும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸும் சேர்ந்த செப்ராஃபிலிம் என்ற மெல்லிய தகட்டை அமெரிக்காவில் 1996இல் அனுமதித்தார்கள்.

இந்தப் பொருள் எங்கே உண்மையாகவே தன் திறமையைக் காட்டுகிறது என்று யாராவது கேட்டால், கண் அறுவையைத்தான் முதலில் சொல்வேன். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய எண்ட்ரே பலாஷ், சேவல் கொண்டையிலிருந்து அழற்சி தராத அளவுக்குச் சுத்தமான ஹைலூரோனிக் அமிலத்தைப் பிரித்தார். அது முதலில் பந்தயக் குதிரைகளின் மூட்டுக்குப் போனது. 1980 வாக்கில் ஸ்வீடனின் ஃபார்மேசியா நிறுவனம் வழியாக ஹீலான் என்ற பெயரில் கண் அறுவைக்குள் வந்தது. தெரிந்த கண் மருத்துவர் ஒருவரின் அனுமதியோடு கண்புரை அறுவையைத் திரையில் பார்த்தேன். கருவிழி ஓரத்தில் சின்ன வெட்டு. அதன் வழியாக ஒரு மழுங்கிய ஊசி நுழைந்து ஜெல்லைத் தள்ளியதும், கண்ணின் முன்னறையில் இருந்த நீர் வெளியே வழிந்தது. தளர்ந்திருந்த அறை மெதுவாக ஆழமாகி, லென்ஸின் உறை தட்டையாக அமர்ந்தது. மருத்துவர் அந்த உறையில் வட்டமாக ஒரு வாயில் கிழித்தார். ஜெல் கண்ணாடிபோல் தெளிவாக இருந்ததால், அது அங்கே இருப்பதே குமிழி தெரிந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கருவிழியின் உட்பக்கம் ஒரே அடுக்கில் இருக்கும் செல்கள் மனிதரில் அழிந்தால் திரும்ப வளராது. கருவி உரசாமல் அந்த அடுக்கைக் காப்பதும் இதே ஜெல்தான்.

வேலை முடிந்ததும் அதை முழுசாக உறிஞ்சி எடுக்கிறார்கள். மிச்சம் தங்கினால் கண்ணின் வடிகால் அடைபட்டு, முதல் நாளே கண்ணழுத்தம் ஏறும். உள்ளே தங்காமல் வெளியே வருவதுதான் இங்கே வெற்றி. நம் நாட்டில் செலவைக் குறைக்கப் பல இடங்களில் எச்பிஎம்சி என்ற செல்லுலோஸ் ஜெல்லைப் பயன்படுத்துகிறார்கள், சாதாரணக் கண்புரைக்கு அதிலும் நன்றாகவே செய்கிறார்கள். வீட்டில் யாருக்காவது கண்புரை அறுவை என்றால் எந்த ஜெல் என்று கவலைப்பட வேண்டாம். அன்று இரவோ மறுநாளோ கடுமையான கண்வலி, தலைவலி, வாந்தி என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மூட்டு விஷயம் இப்படித் தெளிவாக இல்லை. திருநெல்வேலியில் இருக்கும் என் அத்தை ஒருநாள் போன் செய்தார்கள்: "ஏளா, நீ ஆராய்ச்சி பண்ணுத மருந்தத்தான் எனக்கு முட்டுல போடணும்னு டாக்டர் சொல்லுதாரு. போட்டுக்கிடலாமா?"

நல்ல மூட்டு நீரில் ஒரு மில்லிக்கு 2 முதல் 4 மில்லிகிராம் ஹைலூரோனிக் அமிலம் இருக்கும். தேய்மானம் வந்த மூட்டில் அதன் அளவும் குறையும், சங்கிலி நீளமும் குறையும். இருந்ததைத் திரும்ப நிரப்பலாமே என்பதுதான் ஊசியின் தர்க்கம். அமெரிக்காவில் 1997இல் ஹயால்கன், சின்விஸ்க் என்ற இரண்டு மூட்டு ஊசிகள் அனுமதி பெற்றன. தர்க்கம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பிணைக்காத ஹைலூரோனிக் அமிலம் மூட்டிலிருந்து ஓரிரு நாளில் கரைந்து போய்விடும். பிணைத்தது கூடுதலாகத் தங்கும், அதே நேரம் சிலருக்கு ஊசி போட்ட ஓரிரு நாளில் மூட்டு வீங்கிச் சிவந்து வலிக்கும். பலன் எவ்வளவு? 2022இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில், 21,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 169 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வலி குறைகிறது, ஆனால் மருந்தில்லாத போலி ஊசியோடு ஒப்பிட்டால் நோயாளி உணரும் அளவுக்கு வித்தியாசம் இல்லை என்பதே முடிவு. சிகிச்சை வழிகாட்டுதல் தரும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு இதைத் தர வேண்டாம் என்கிறது. அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் சங்கமும் வழக்கமாகத் தருவதைப் பரிந்துரைக்கவில்லை. வேறு சில நிபுணர் குழுக்கள் நிபந்தனையோடு அனுமதிக்கின்றன.

இதைத்தான் அத்தையிடம் எளிமையாகச் சொன்னேன். "அத்தை, இது கெடுதல் பண்ற ஊசி இல்ல. ஆனா தேஞ்சத வளர்க்காது. டாக்டர்கிட்ட இது பிணைச்சதா, எத்தன ஊசி, மொத்தம் எவ்வளவு செலவு, தொடைத் தசைக்குப் பயிற்சி எப்ப ஆரம்பிக்கலாம்னு நாலும் கேளுங்க." அவர்கள் கேட்டிருக்கிறார்கள். மருத்துவரும் பொறுமையாகப் பதில் சொல்லி, முதலில் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அத்தை இப்போது நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிக்கும் பயிற்சியைத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்கிறார்கள். வலி முழுசாகப் போகவில்லை, மாடிப்படி ஏறுவது முன்னைவிடப் பரவாயில்லை என்கிறார்கள். ஊசி போட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களும் எனக்குத் தெரியும், அவர்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. கடன் வாங்கி மறுபடி மறுபடி போட்டுக்கொள்வதைத்தான் தடுக்கப் பார்க்கிறேன். முட்டியில் காய்ச்சலோடு வீக்கம், தோலில் புண், சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்றால் அதையும் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

முக ஃபில்லரைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன். ஃபில்லர் ஜெல் தவறுதலாக இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், பார்வையே போகலாம். அப்போது ஹைலூரோனிடேஸ் என்ற நொதியை உடனே செலுத்தினால் ஜெல் கரையும். மற்ற வகை ஃபில்லர்களுக்கு இந்த வசதி இல்லை. ஆனால் அந்த நொதி அந்த அறையிலேயே இருக்க வேண்டும், போடத் தெரிந்த மருத்துவரும் இருக்க வேண்டும். ஊசி இல்லாமல் அழுத்தத்தால் செலுத்தும் "ஹைலூரான் பேனா" கருவிகளை வாங்கி வீட்டிலோ பார்லரிலோ போட்டுக்கொள்வது ஆபத்து. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021இலேயே இதைப் பற்றி எச்சரித்தது.

அந்த நொதிக்கு இன்னொரு நல்ல வேலை உண்டு. தோலுக்கடியில் உள்ள ஹைலூரோனிக் அமிலத்தைத் தற்காலிகமாகத் தளர்த்திவிட்டால், நிறைய அளவு மருந்தையும் அங்கே செலுத்த முடியும். மணிக்கணக்கில் நரம்பு வழியாக ஏற்றிய டராட்டுமுமாப் போன்ற புற்றுநோய் மருந்தைச் சில நிமிடத்தில் தோலடி ஊசியாகப் போட்டுவிட முடிகிறது. அதே நொதியின் ஒரு வடிவத்தைக் கணையப் புற்றைச் சுற்றியுள்ள ஹைலூரோனிக் அமிலச் சுவரை உடைக்கப் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை இருந்தது. 2019இல் மூன்றாம் கட்ட ஆய்வில் நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை. அந்தச் செய்தி வந்தபோது எங்கள் ஆய்வகத்தில் யாருக்கும் அன்று வேலை ஓடவில்லை.

குருத்தெலும்புப் பக்கம் நம்பிக்கை தரும் உதாரணமும் இருக்கிறது. தென்கொரியாவில் 2012இல் அனுமதி பெற்ற கார்ட்டிஸ்டெம் என்பது தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை ஹைலூரோனிக் அமில ஜெல்லில் கலந்து, அறுவையின்போது மூட்டில் வைப்பது. இதில் ஜெல் மருந்தே இல்லை, செல்லைத் தாங்கும் இடம்.

இத்துறையில் ஆய்வுக் கட்டுரை படிக்கத் தொடங்கும் மாணவர்கள், முடிவுரைக்குப் போகும் முன் செய்முறைப் பகுதியைத் திறந்து பாருங்கள். மூலக்கூறு எடை எழுதியிருக்கிறதா, எண்டோடாக்சின் அளந்தார்களா, கிருமி நீக்கியது எப்படி, ஜெல் சிதைவதை வெறும் உப்புக் கரைசலில் பார்த்தார்களா அல்லது ஹைலூரோனிடேஸ் சேர்த்துப் பார்த்தார்களா. உப்புக் கரைசலில் வாரக்கணக்கில் கல்லாக நிற்கும் ஜெல், நொதி சேர்த்த மறுநாள் குப்பியில் தண்ணீராகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்களிடம் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் வாரத்தில் கொடுக்கும் வேலையே அந்தச் சோதனைதான். இரண்டு குப்பி, ஒன்றில் நொதி, ஒன்றில் இல்லை, 37 டிகிரி, தினமும் எடை. எழுதிவைத்த எண்களோடு வந்தால்தான் மெத்தாக்ரிலிக் அன்ஹைட்ரைடு பாட்டிலைக் கையில் கொடுக்கிறோம்.